பூட்டு நல்ல பூட்டுதான்

'எங்க ஆப்ல ஏ.இ.எஸ். 256 பிட் போட்டிருக்கோம் சார். மிலிட்டரி கிரேடு. எவனாலயும் உடைக்க முடியாது.'

இந்த வசனத்தை எத்தனை இளைஞர்கள் வாயால் கேட்டாயிற்று! 'பையனுக்கு பீடி, சிகரெட் எதுவும் கிடையாது' என்று பெண் வீட்டார் முன்னால் அடித்துச் சொல்லும் மாமாவின் தெம்பு அந்தக் குரலில் இருக்கும்.

சொல்வது பொய்யில்லை. ஏ.இ.எஸ்.ஸை இன்றுவரை யாரும் உடைக்கவில்லைதான். ஆனால் அந்தப் பெருமை அதைக் கண்டுபிடித்த இரண்டு பெல்ஜியம்காரர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. அதை உங்கள் புரோகிராமில் கூப்பிட்ட விதம் இருக்கிறதே, அது மட்டும்தான் உங்களுடையது. வீடு புகுந்து திருடுகிறவன் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறான்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி என்றால் அது சிமெட்ரிக் சங்கேதம். வீட்டு பீரோ மாதிரி. அதில் பிளாக் சைஃபர் என்பது ஒரு ஜாதி. இது எழுத்து எழுத்தாக வேலை செய்யாது. கவளம் கவளமாகத்தான் சாப்பிடும். ஏ.இ.எஸ்.ஸுக்கு ஒரு கவளம் சரியாக 16 பைட். 15 கொடுத்தால் வாயைத் திறக்காது. 17 கொடுத்தால் பதினாறை விழுங்கிவிட்டு, மிச்சம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும்.

'வணக்கம்' என்ற வார்த்தையைப் பூட்ட வேண்டும் என்று வையுங்கள். கம்ப்யூட்டர் கணக்கில் இதில் 7 குறிகள்: வ, ண, க, ஒரு புள்ளி, மறுபடி க, ம, இன்னொரு புள்ளி. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக மொத்தம் 21. (வெள்ளைக்காரனின் 'ஹலோ' 5 பைட்டில் முடிந்துவிடுகிறது. நாம் மரியாதைக்காரர்கள், செலவு ஆகத்தான் செய்யும்.) ஒரு கவளம் போக மிச்சம் 5. இரண்டாவது கவளத்தை நிரப்ப இன்னும் 11 பைட் வேண்டுமே? லைப்ரரி என்ன செய்கிறது தெரியுமா, 11 என்ற எண்ணையே 11 தடவை போட்டு ரொப்பிவிடுகிறது. திறக்கும்போது கடைசி பைட்டைப் பார்த்து, 'ஓஹோ, பதினொன்றா, வால்பக்கம் பதினொன்றை வெட்டு' என்று வெட்டிவிடும். சமத்தான ஏற்பாடு. பெயர் பேடிங். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இடைவேளைக்குப் பிறகு வில்லனாக வரும்.

ஏ.இ.எஸ்.ஸுக்கு முன்னால் டி.இ.எஸ். என்று ஒருவர் இருபது வருஷம் ராஜ்யம் பண்ணினார். அவர் கதை மர்ம நாவல் மாதிரி இருக்கும்.

1973-ல் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சங்கேத முறை வேண்டும் என்று விளம்பரம் செய்தது. ஐ.பி.எம். கம்பெனியில் ஹார்ஸ்ட் ஃபைஸ்டல் என்பவர் 'லூசிஃபர்' என்று ஒன்று செய்து வைத்திருந்தார். (பேரைப் பாருங்கள், சாத்தான்!) அதைச் சீர்திருத்தி அனுப்பினார்கள். நடுவில் என்.எஸ்.ஏ. என்ற அமெரிக்க ஒட்டுக்கேட்கும் இலாகா அதை வாங்கிப் பார்த்தது. 1977-ல் தரமாக அறிவிக்கப்பட்டபோது சாவி 56 பிட்டாக இளைத்திருந்தது. உள்ளே 'எஸ் பாக்ஸ்' என்று எட்டு அட்டவணைகள். அதில் எண்கள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்று கேட்டதற்கு யாரும் வாயைத் திறக்கவில்லை.

சும்மா விடுவார்களா? 'ஒட்டுக்கேட்கிறவன் கை வைத்திருக்கிறான், அந்த அட்டவணையில் கள்ளச்சாவி ஒளிந்திருக்கிறது' என்று பல வருஷம் புரளி. 1990 வாக்கில் இஸ்ரேலைச் சேர்ந்த பிஹாம், ஷமீர் இருவரும் 'டிஃபரென்ஷியல் கிரிப்டனாலிசிஸ்' என்று ஒரு புது ஆயுதத்தை வெளியிட்டார்கள். அந்தக் காலத்துப் பல சங்கேதங்கள் அதில் பொலபொலவென்று உதிர்ந்தன. டி.இ.எஸ். மட்டும் ஆச்சரியமாகத் தாக்குப்பிடித்தது. 1994-ல் ஐ.பி.எம்.மின் டான் காப்பர்ஸ்மித் ரகசியத்தைப் போட்டு உடைத்தார்: அந்த ஆயுதம் தங்களுக்கு 1974-லேயே தெரியும், அதைத் தாங்குவதற்காகத்தான் அட்டவணைகளை அப்படி அமைத்தோம், வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிவானதால் சொல்லவில்லை என்று. ஆக, எல்லோரும் சந்தேகப்பட்ட இடம்தான் கெட்டி. ஊரறிய விளம்பரப்படுத்திய சாவி நீளம்தான் சோப்ளாங்கி.

56 பிட் என்றால் சுமார் 720 கோடி கோடி சாவிகள். கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் டிஃபி, ஹெல்மன் இருவரும் 1977-லேயே கணக்குப் போட்டு, 2 கோடி டாலர் செலவழித்து ஒரு மெஷின் கட்டினால் ஒரு நாளில் எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று எழுதினார்கள். அதிகாரிகள் சிரித்தார்கள். 1998 ஜூலையில் ஈ.எஃப்.எஃப். என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் ஒரு மெஷின் கட்டி, 56 மணி நேரத்தில் திறந்து காட்டியது. (56 பிட், 56 மணி. தற்செயல்தான்.) அடுத்த ஜனவரியில் இணையம் வழியாகப் பல ஆயிரம் கம்ப்யூட்டர்களும் கூடச் சேர்ந்துகொண்டு 22 மணி 15 நிமிஷமாகக் குறைத்தார்கள். டி.இ.எஸ்.ஸுக்குச் சங்கு ஊதியாயிற்று.

அடுத்த தடவை ஜாக்கிரதையாக, எல்லாவற்றையும் மேடையில் வைத்தே செய்தார்கள். 1997-ல் உலகத்துக்கே பகிரங்கப் போட்டி. 15 பேர் களத்தில், 5 பேர் இறுதிச் சுற்றில். 2000 அக்டோபரில் ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரு பெல்ஜியம்காரர்களின் 'ரைன்டால்' ஜெயித்தது. 2001-ல் அதுவே ஏ.இ.எஸ்.

இதில் சின்னச் சாவியே 128 பிட். எத்தனை சாவிகள் என்று எழுதினால் 39 இலக்க எண். விநாடிக்கு 10,000 கோடி கோடி சாவிகளைப் போட்டுப் பார்க்கும் ஒரு ராட்சஸ மெஷின் இருந்தாலும், எல்லாவற்றையும் முடிக்க 10 லட்சம் கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்துக்கே வயது சுமார் 1,380 கோடிதான். 256 பிட் சாவியைப் பற்றிக் கணக்குப் போடவே வேண்டாம்.

இவ்வளவு பெரிய பூட்டை லைப்ரரியில் இலவசமாகத் தருகிறார்கள். ஜாவா என்றால் ஒரு வரி, பைதான் என்றால் ஒரு வரி. ஏ.இ.எஸ். என்று கேட்டால் ஏ.இ.எஸ். வரும். 'கூட என்ன முறையில் சார்?' என்று சர்வர் கேட்க மாட்டார். அவரே ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

அப்படி வைப்பதுதான் ஈ.சி.பி. ஜாவாவின் வழக்கமான லைப்ரரியில் வெறுமே 'ஏ.இ.எஸ்.' என்று மட்டும் எழுதினால் இன்றும் கிடைப்பது இதுதான். பைதானில் பைக்ரிப்டோ என்ற பழைய லைப்ரரியும் அப்படியே. (அதற்கு 2013-க்குப் பிறகு புது வெளியீடு இல்லை. அதன் வாரிசான பைக்ரிப்டோடோமில் முறையை நீங்களே வாய்விட்டுச் சொன்னால்தான் ஆயிற்று.) ஈ.சி.பி.யில் ஒவ்வொரு கவளமும் தனித்தனியாகப் பூட்டப்படுகிறது. பக்கத்துக் கவளத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அதனால் ஒரே மாதிரி 16 பைட் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் ஒரே மாதிரி சங்கேதம் வரும். லினக்ஸின் பெங்குவின் படத்தை இந்த முறையில் பூட்டிக் காட்டுவார்கள். வர்ணம் மாறியிருக்கும், ஆனால் பெங்குவின் தொப்பையும் தொந்தியுமாக அப்படியே உட்கார்ந்திருக்கும். பர்தா போட்டும் ஆள் யார் என்று நடையிலேயே தெரிந்துவிடுகிற கதை.

'பெங்குவின் தெரிஞ்சா என்ன சார், எங்க ஆப்ல படமே கிடையாது' என்பவர்களுக்கு அடோபி கதை.

2013 அக்டோபரில் அடோபி கம்பெனியின் கணக்கு விவரங்கள் களவு போயின. முதலில் 29 லட்சம் பேர் என்றார்கள், பிறகு 3 கோடியே 80 லட்சம் என்றார்கள். வெளியே கசிந்த ஃபைலில் 15 கோடிக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. பாஸ்வேர்டுகள் எல்லாம் மூன்றடுக்கு டி.இ.எஸ்.ஸில் பூட்டியிருந்தன. பூட்டு உடையவில்லை. உடைக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஏனென்றால் முறை ஈ.சி.பி., சாவி எல்லோருக்கும் ஒன்று. ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சங்கேதம். போதாததற்கு, மறந்துபோனால் ஞாபகப்படுத்த அவரவர் எழுதி வைத்த குறிப்பு பக்கத்திலேயே, பூட்டாமல், பச்சையாக.

குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஒரே சங்கேதம் கொண்ட ஆயிரம் பேரைப் பொறுக்கினால், அவர்கள் எழுதின ஆயிரம் குறிப்புகளும் ஒரே விடைக்கான துப்பு. ஒருத்தர் பூடகமாக எழுதியிருப்பார். இன்னொரு மகானுபாவர் பாஸ்வேர்டையே குறிப்பாக எழுதியிருப்பார். அவர் ஒருவரால் ஆயிரம் பேருக்கும் நாமம். அந்தக் கவளம் வேறு 8 பைட்தான். இரண்டு நீளமான பாஸ்வேர்டுகளின் முதல் எட்டு எழுத்து ஒன்றாக இருந்தாலே பாதி சங்கேதம் ஒன்றாகிவிடும். சுமார் 19 லட்சம் பேர் '123456' வைத்திருந்தது இப்படித்தான் தெரியவந்தது. (பாஸ்வேர்டை இப்படித் திறக்கிற மாதிரிப் பூட்டி வைப்பதே தப்பு. அதற்கு ஆர்கான்2 மாதிரித் திரும்ப வராத ஒருவழிப்பாதைகள் இருக்கின்றன. அது தனிப் புராணம்.)

சரி, 2013-க்குப் பிறகு உலகம் திருந்திவிட்டதா? 2020 ஏப்ரலில், எல்லோரும் வீட்டில் முடங்கி, மேலே சட்டை கீழே லுங்கி என்று ஜூமில் மீட்டிங் போட்டுக்கொண்டிருந்தோமே, அப்போது டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிஸன் லேப் அதைப் பிரித்துப் பார்த்தது. ஏ.இ.எஸ். 256 என்று கம்பெனி எழுதியிருந்தது. உள்ளே இருந்தது 128, அதுவும் ஈ.சி.பி. முறையில். அந்த மே மாதம் முடிவதற்குள் ஜி.சி.எம். என்ற நல்ல முறைக்கு மாறினார்கள்.

ஈ.சி.பி. வேண்டாம் என்றால்? சி.பி.சி. என்று ஒன்று. முந்தைய கவளத்தின் சங்கேதத்தை அடுத்த கவளத்தோடு கலந்து பிறகு பூட்டுவது. முதல் கவளத்துக்கு முந்தையது ஏது? அதற்காக ஐ.வி. என்று 16 பைட் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏற்றுவது அல்ல, இனிஷியலைசேஷன் வெக்டர். ஒவ்வொரு தடவையும் யாரும் ஊகிக்க முடியாத புது எண்ணாக இருக்க வேண்டும். நம் ஆட்கள் பதினாறு பூஜ்யம் போட்டுவிட்டு டீ சாப்பிடப் போய்விடுவார்கள்.

இங்கேதான் பேடிங் வில்லனாக வருகிறது. 2002-ல் செர்ஜ் வோதனே என்ற அறிஞர் கவனித்தார்: திறக்கிற சர்வர், 'பேடிங் சரியில்லை' என்று ஒரு விதமாகவும், 'விஷயம் சரியில்லை' என்று வேறு விதமாகவும் முகம் சுளித்தால் போதும். சங்கேதத்தில் ஒரு பைட்டை மாற்றி மாற்றி அனுப்பி, எந்த முகச்சுளிப்பு வருகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், பைட்டுக்கு அதிகபட்சம் சுமார் 256 தடவையில் முழுக்கடிதத்தையும் படித்துவிடலாம். சாவி வேண்டாம். காலேஜ் பேப்பர் என்று நினைத்தவர்கள் உண்டு. 2010 செப்டம்பரில் இதே வித்தையை மைக்ரோசாஃப்ட்டின் ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் செய்து காட்ட, கம்பெனி அவசர அவசரமாக ஒட்டுப்போட வேண்டியதாயிற்று.

ஆபீஸ் ஆசாமிகளுக்குச் சுவையான பகுதி இனிமேல்தான். பூட்டினால் யாரும் படிக்க முடியாது, சரி. மாற்றவும் முடியாது என்று யார் சொன்னார்கள்?

சி.டி.ஆர். என்று ஒரு முறை. ஏ.இ.எஸ்.ஸை வைத்து ஒரு தாறுமாறான பிட் வரிசையைத் தயாரித்து, விஷயத்தின் மேல் எக்ஸார் செய்வது. சங்கேதத்தில் ஒரு பிட்டைப் புரட்டினால், திறந்த பிறகு அதே இடத்தில் அதே பிட் மட்டும் புரண்டிருக்கும். உங்கள் கம்பெனியின் சம்பளப் பட்டியல் இப்படிப் பூட்டியிருக்கிறது. உங்கள் சம்பளம் 15000. அந்த '1' ஃபைலில் எத்தனையாவது பைட் என்று உங்களுக்குத் தெரியும். '1' என்ற எழுத்துக்குக் கம்ப்யூட்டரில் எண் 49. '9'-க்கு 57. இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். அதைத் தட்டிவிட்டால் மாதம் 95000. சாவி தெரியாமல், பூட்டை உடைக்காமல், மேனேஜரிடம் பல்லிளிக்காமல் இன்க்ரிமென்ட்! ஈ.சி.பி.யாக இருந்து, சம்பளம் தனிக் கவளமாகவும் இருந்தால் இன்னும் வசதி. எம்.டி.யின் சம்பளக் கவளத்தை வெட்டி, உங்கள் பேருக்கு நேராக ஒட்டினால் ஆயிற்று. (செய்து பார்க்காதீர்கள். வேலையும் போகும், கேஸும் வரும்.)

அந்தக் காலத்தில் தபால் பையைப் பூட்டினால் மட்டும் போதாது என்று அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள் அல்லவா, அதுதான் ஜி.சி.எம். முறை. சங்கேதத்தோடு கூடவே ஒரு 16 பைட் முத்திரையும் வரும். ஒரு பிட் புரண்டாலும் முத்திரை பொருந்தாது, லைப்ரரி திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இன்றைக்குப் புதிதாக எழுதுகிறவர்கள் இதையோ, இதைப் போல முத்திரையுள்ள இன்னொன்றையோதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு பேச்சுக்கே இடமில்லை.

அதிலும் ஒரு பத்தியம் உண்டு. நான்ஸ் என்று ஒரு எண், வழக்கமாக 12 பைட். ஒரு சாவியோடு ஒரு நான்ஸை ஒரே ஒரு தடவைதான் உபயோகிக்கலாம். பஸ் டிக்கெட் மாதிரி. மறுபடி உபயோகித்தால் கண்டக்டர் இறக்கிவிட மாட்டார், பஸ்ஸே கவிழ்ந்துவிடும். இரண்டு கடிதங்களின் எக்ஸார் அப்படியே வெளியே தெரியும், கள்ள முத்திரை குத்தவும் வழி பிறக்கும். 2022-ல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சாம்சங் கேலக்ஸி போன்களின் சாவிப்பெட்டிக்குள்ளேயே இந்தக் கோளாறு இருந்ததைக் காட்டினார்கள். பாதிக்கப்பட்டவை சுமார் 10 கோடி போன்கள் என்பது அவர்கள் கணக்கு. சாம்சங்குக்கே இந்தக் கதி என்றால்...

சாவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். லைப்ரரி 16 பைட் சாவி கேட்கிறது. பையன் என்ன செய்கிறான்? கம்பெனிப் பேரை டைப் அடிக்கிறான். 11 எழுத்து. விரல் விட்டு எண்ணி, பின்னால் '12345' சேர்க்கிறான். 16 ஆயிற்று! அதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி, ஆப்போடு சேர்த்து ஊருக்கெல்லாம் விநியோகிக்கிறான். பிரபஞ்சத்தின் ஆயுள் வரை தாங்குகிற பூட்டு, சாவி மிதியடிக்கு அடியில். சாவியைக் கம்ப்யூட்டரே தாறுமாறாகப் பொறுக்க வேண்டும், புரோகிராமுக்கு வெளியே இருக்க வேண்டும். மனிதன் நினைவில் வைக்கும் பாஸ்வேர்டிலிருந்துதான் சாவி செய்தாக வேண்டும் என்றால், பி.பி.கே.டி.எஃப்.2, எஸ்கிரிப்ட் மாதிரி வேண்டுமென்றே நிதானமாக அரைக்கும் உரலில் போட்டு எடுக்க வேண்டும்.

நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால், 2013-ல் நாலு ஆராய்ச்சியாளர்கள் ஆண்ட்ராய்டு ஆப்களை அலசி வெளியிட்ட கணக்கு இதோ. சங்கேத லைப்ரரியை உபயோகித்த 11,748 ஆப்களில் 10,327-ல், அதாவது 88 சதவிகிதத்தில், குறைந்தது ஒரு தப்பாவது இருந்தது. ஈ.சி.பி., ஒரே ஐ.வி., உள்ளேயே எழுதிய சாவி என்று நாம் மேலே பார்த்த அதே கும்பல்தான்.

இதெல்லாம் புரியாமலில்லை லைப்ரரி எழுதுகிறவர்களுக்கு. பைதானின் 'கிரிப்டோகிராஃபி' லைப்ரரியில் இரண்டு மாடி. மேல் மாடியில் ஃபெர்னெட் என்று ஒரு ரெடிமேட் ஏற்பாடு: ஏ.இ.எஸ்., ஐ.வி., பேடிங், முத்திரை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், சாவியைக் கூட அதுவே பண்ணித் தரும். உங்களுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை, அதுதான் அதன் அழகு. கீழ் மாடிக்கு 'ஹஸ்மட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஆசிட் லாரியின் பின்னால் எழுதியிருக்குமே, அபாயகரமான சரக்கு என்று, அதன் சுருக்கம். வாசலிலேயே, கண்ணிவெடி, டிராகன், லேசர் துப்பாக்கி ஏந்திய டைனோசர் எல்லாம் உள்ளே உண்டு என்று எச்சரிக்கை. ஆபீஸ் வேலைக்கு மேல் மாடியே தாராளம். ஆனால் நம் இளைஞர்களுக்கு டைனோசர் என்றால்தான் பிடிக்கிறது.

ஜி.சி.எம். போட்டும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. பைக்ரிப்டோடோமில் 'முதலில் திற, பிறகு முத்திரையைச் சரிபார்' என்று இரண்டு படியாகவும் கூப்பிடலாம். அப்படிக் கூப்பிட்டு, முத்திரை பொருந்தவில்லை என்று லைப்ரரி எக்ஸெப்ஷன் எறியும்போது, அதை லாவகமாகப் பிடித்து, அடுத்த வரியில் ஒரே ஒரு வார்த்தை எழுதி மேலே போய்விடுகிறார்கள்: 'பாஸ்'. அரியர்ஸ் வைத்த பையனுக்குக் கூட யூனிவர்சிட்டியில் இவ்வளவு சுலபமாகப் போட்டதில்லை.